பூசாத வீடு

ஏஞ்சலின் எழுதிய கட்டுரை பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம்கூட வரவில்லை. முக்கால் பக்கம்தான். மிச்சம் கால் பக்கத்தில் பட்டுப்புடவைக் கடை விளம்பரம். அந்த முக்கால் பக்கம் முப்பத்தாறு குடும்பங்களின் தலையில் கல்லாக வந்து விழும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அவளோடு சேர்ந்து அந்த முப்பத்தாறு குடும்பங்களும் சிரித்திருக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மீஞ்சூரில் ரயிலேறும்போதே ஸ்டேஷன் கடையில் ஐந்து பிரதிகள் வாங்கிக்கொண்டாள். கணவன் விமல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஆபரேட்டர்; இரவுப் பணி முடித்து வந்த கண்ணோடு அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தான். கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, மூடிக் கிடக்கும் இரும்பு வார்ப்பாலையின் மதிலைச் சுற்றிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தபோது, ஆராதனை முடிந்து வந்திருந்த அவளுடைய அப்பா தானியேல் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றிருந்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு நைனா. உங்க பேரு மூணு தடவ வந்திருக்குது."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து, உதடு அசைய வாசித்தார். நாற்பது வருடம் உலையின் எதிரில் நின்ற விரல் அது. தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் சற்று நேரம் நின்றது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பூவம்மாள் இன்னொரு பிரதியைப் பறித்துக்கொண்டு படத்தைப் பார்த்து அலறினாள்.

"அடியே ஏஞ்சலு, இது எங்க ஊட்டு வாசல்தானே? என் கிழிஞ்ச நைட்டி காயுது பாருடி! ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்து உள்ள போட்டிருக்க மாட்டனா?"

"நைட்டிதாம்மா படத்துக்கே அழகு. அத்த எடுத்துட்டா வெறும் செவுருதானே மீதி?" என்றான் பூவம்மாளின் மகன் ரகு.

"உன் நிச்சயத்துக்கு அதே நைட்டியோட வந்து நிக்கிறேன் இரு. உன் மாமனாரு மயங்கி உழட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கக் காரணம் இருந்தது. பன்னிரண்டு நாளில் ஒதுக்கீட்டு ஆணை வரப்போகிறது.

குவார்ட்டர்ஸின் கதை இதுதான். வார்ப்பாலை மூடிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. நிலத்தை ஒரு கிடங்குக் கம்பெனி வாங்கிவிட்டது. ஜூன் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. ஆனால், இடியும் நிலையில் உள்ள வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு அரசாங்கம் அடுக்குமாடியில் மாற்று வீடு தருகிறது. போன வருடம் அதிகாரிகள் வந்து பார்த்து, குவார்ட்டர்ஸ் ஆபத்தான கட்டடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். முப்பத்தாறு குடும்பத்துக்கும் வீடு என்று பட்டியலும் தயாராகிவிட்டது. கையில் காகிதம் வருவதுதான் பாக்கி.

அந்தக் காகிதத்தில் ரகுவின் கல்யாணமும் இருந்தது. தேர்வாய் கண்டிகையில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே சுமலதாவும் வேலை செய்தாள். அவள் அப்பா பூவராகவன் ஆரணிப் பக்கம் நெல் வைக்கிற மனிதர். பெண் கேட்டுப் போனதற்குப் பதில் மரியாதையாக ஒருமுறை குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உள்ளே வந்து உட்காருவதற்கு முன்னால் வெளிச்சுவரை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் பூச்சு வேலையே முடியலியே, தம்பி. முடிச்சிட்டு சொல்லியனுப்புங்க, வரோம்" என்று சொல்லிவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டார். மாற்று வீடு வரப்போவதாகத் தெரிந்த பிறகுதான் இறங்கி வந்தார். ஆணை கையில் வந்த மறு வாரம் நிச்சயம் என்று பேச்சு.

பூவராகவன் தடவிப் பார்த்த அந்தச் சுவரைப் பற்றித்தான் ஏஞ்சலின் எழுதியிருந்தாள்.

குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு வெளிப்பூச்சு கிடையாது. கான்கிரீட்டை ஊற்றி, பலகையைப் பிரித்து, அப்படியே விட்டிருந்தார்கள். உள்ளே அவரவர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டார்கள். வெளியே அடிக்க நிர்வாகம் விடவில்லை. சுற்று வட்டாரத்தில் அதற்குப் பெயரே 'பூசாத ஊடு'தான். பள்ளிக்கூடத்தில் ஏஞ்சலினைக் கேட்பார்கள்: "உங்க ஊட்ட எப்பப்பா கட்டி முடிப்பீங்கோ?" அவள் அம்மா மேரி சாகும் வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாசல் சுவரை மறைத்துப் பெரிய நட்சத்திரம் கட்டித் தொங்கவிடுவாள். விருந்தாளி வந்தால் முதலில் சுவர் கண்ணில் படக் கூடாது என்பது அவள் எண்ணம்.

அந்த வெட்கத்தோடுதான் ஏஞ்சலின் கட்டடக்கலை படிக்கப் போனாள். இரண்டாம் வருடம், சரித்திர வகுப்பில், விளக்கை அணைத்துவிட்டுப் பேராசிரியர் திரையில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் உலகப் போர் முடிந்த ஜெர்மனியில், தொழிலாளிக்கும் வெயிலும் காற்றும் வேண்டும் என்று சொல்லிச் சிலர் கட்டிய வெள்ளை வீடுகள். ஒரு மனிதன் கௌரவமாக வாழக் குறைந்தது எத்தனை அடி இடம் வேண்டும் என்று அவர்கள் மாநாடு கூட்டி வாதாடிய கதை. சித்திர வேலைப்பாடு பணக்காரன் சமாசாரம், அதைக் கழற்றி எறி என்ற ஆவேசம். பிறகு இரண்டாம் போர். பூசவும் மெழுகவும் ஆளில்லாத பிரான்சில், ஊற்றிய கான்கிரீட்டை ஊற்றியபடி விட்ட பிரம்மாண்டமான குடியிருப்பு ஒன்று.

அந்தப் படம் திரையில் வந்தபோது ஏஞ்சலின் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பலகையின் மரக்கோடுகள் அச்சாகப் பதிந்த சாம்பல் நிறச் சுவர். வெயிலை மறைக்கும் ஆழமான ஜன்னல் மாடம். மாடிப்படி வெளியே. அது அவள் வீடு. பூவம்மா அத்தையின் நைட்டி மட்டும்தான் குறைச்சல்.

"பிரெஞ்சில் 'ப்ரூட்' என்றால் பச்சையானது, பக்குவப்படுத்தாதது. அதிலிருந்து வந்தது புருட்டலிசம். எது எதனால் ஆனதோ அது அதுவாகவே தெரியட்டும், பூசி மறைக்காதே என்பது அவர்கள் கொள்கை" என்றார் பேராசிரியர்.

அன்றிரவு விடுதியில் அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான். முடிக்காமல் விட்ட வீடு இல்லை அது, முடிந்த வீடு. சண்டிகருக்கும் அகமதாபாத்துக்கும் வந்து சேர்ந்த ஒரு பெரிய எண்ணத்தின் கடைசி அலை கும்மிடிப்பூண்டி வரைக்கும் வந்து, தன் வாசலில் காலை நனைத்துவிட்டுப் போயிருக்கிறது. அவளே அதே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியையான பிறகு, மாணவர்களுக்கு ஒன்று சொல்லுவாள்: "இந்தப் புத்தகங்கள்ல எந்தப் படத்துலயும் குடியிருக்கிறவங்க இருக்க மாட்டாங்க. கட்டினவன் சொன்னது இருக்கும், விமர்சகன் சொன்னது இருக்கும். உள்ள படுத்துத் தூங்கினவன் என்ன சொன்னான்னு ஒரு வரி இருக்காது."

அந்த ஒரு வரியைத் தான் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டாள். வீடுகள் இடிவதற்கு முன்னால் ஒரு பதிவு. அப்பாவை உட்கார வைத்துக் கேட்டாள். தானியேலும் மகள் கேட்கிறாளே என்ற பூரிப்பில் மடை திறந்ததுபோலச் சொன்னார்.

"பூசவே இல்லம்மா. ஒரு நாளும் பூசல. பலகய கழட்னாங்க, சாவிய குடுத்தாங்க. நாங்க பத்து பேரு போயி அந்த டிசைன் பண்ண ஆளக் கேட்டோம், எப்ப சார் பூசுவீங்கன்னு. அவரு சிரிச்சிகினே, 'இதுதான் முடிஞ்ச வேலை'ன்னாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. ஒருவேள டப்பு இல்லாம அப்படி சொல்றாரோன்னு நெனச்சிகினு திரும்பி வந்துட்டோம்."

அதை அவர் சொன்னபடியே போட்டாள். கூடவே, ஆசிரியைக்கே உரிய ஒரு தோரணையில், இந்தச் சுவர்கள் உதிர்ந்து போனவை அல்ல, உதிர்வதற்கு இவற்றின் மேல் ஒன்றுமே இருந்ததில்லை என்றும், விட்டுவைத்தால் இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும் என்றும் எழுதினாள். எழுதி முடித்ததும் அந்த வரியை விமலுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள். அவ்வளவு பிடித்திருந்தது அவளுக்கு.

ஆணை வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, கல்லூரியில் வகுப்பு முடித்து வெளியே வந்தாள். ரகு போனில் கூப்பிட்டான். குரலில் வழக்கமான கேலி இல்லை.

"யக்கா, நீ இன்னாத்துக்கு பூசலன்னு எழுதுன?"

"ஏன்டா? பூசலதானே?"

"அது நமக்குத் தெரியும். கவர்மெண்டுக்கு இன்னாத்துக்கு சொன்ன?" என்றவன் போனை வைத்துவிட்டான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. குவார்ட்டர்ஸ் வாசலில் கும்பலாக நின்றிருந்தவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பூவம்மாள் மட்டும் நிறுத்தவில்லை.

"வாங்க டீச்சரம்மா. உள்ள உங்க நைனா ஒக்காந்துகினு இருக்காரு. பச்சத்தண்ணி பல்லுல படல. நீங்களாவது நாஷ்டா துன்னீங்களா?"

பிறந்த நாள் முதல் 'அடியே' என்று கூப்பிட்ட வாய் அது. அந்த 'வாங்க' ஏஞ்சலினை வாசலிலேயே அறைந்தது.

தானியேல் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு நைனா?"

"தப்பு என்னுதும்மா." நிமிராமலேயே சொன்னார். "போன வருசம் ஒரு இஞ்சினியரு வந்தாரு. புதுசா வேலைக்கு வந்த பிள்ள. கையில ஒரு ஃபாரம். கூரை ஒழுகுது, கம்பி துருப்புடிச்சி வெளிய தெரியுது, எல்லாம் குறிச்சிகினு வந்தாரு. அப்புறம் செவுர பாத்துட்டு, 'அய்யய்யோ, பூச்சு மொத்தமும் உதிர்ந்துபோச்சே'ன்னாரு."

ஏஞ்சலினுக்கு மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது.

"நான் வாயத் தொறந்தேன் கண்ணு. சத்தியமா தொறந்தேன். அதுக்குள்ள பூவம்மா, 'ஆமா சார், மழைக்கு மழை உதிர்ந்துகினேகீது'ன்னுட்டா. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நான் மூடிக்கினேன். குவார்ட்டர்ஸ் சங்கத்து செக்ரட்டரின்னு கையெழுத்தும் போட்டேன். பூச்சுக்கு மட்டும் இருவது மார்க்காம். அத்த சேத்தாதான் ஆபத்தான கட்டடம்னு வருதாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? சபையில மூப்பரு, பொய்க் கையெழுத்து போட்டேன்னு பெத்த பொண்ணுகிட்ட சொல்றதா?" கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீ வந்து கேட்டப்ப எனக்கு அந்த நெனப்பே இல்லம்மா. நீ ஊட்டக் கேட்ட. எம்பொண்ணு கேக்குதேன்னு உள்ளத சொன்னேன்."

ஏரிக்கரையில் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருக்கும் ஜனங்கள் அதே அடுக்குமாடிக்காகக் காத்திருந்தார்கள். பட்டியலில் அவர்களுக்கு இடம் வரவில்லை. அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி பத்திரிகையைக் கத்தரித்து மனுவோடு குத்தி அனுப்பியிருந்தாள். ஐம்பது வருடம் நிற்கும் வீடு உள்ளவர்களுக்கு வீடு, மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும் எங்களுக்கு இல்லையா என்று கேட்டிருந்தாள். கேள்வியில் ஒரு சொல் தப்பில்லை. ஆணையை நிறுத்திவைத்துவிட்டு, மறுநாள் திருவள்ளூர் அலுவலகத்துக்கு வந்து விளக்கம் சொல்லும்படி தானியேலுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மீஞ்சூர் வீட்டுக்குத் திரும்பியதும் ஏஞ்சலின் அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் எழுதியது தவறு, விசாரிக்காமல் எழுதிவிட்டேன், அந்தச் சுவர்கள் ஆரம்பத்தில் பூசப்பட்டிருந்தன. ஆராய்ச்சிப் படிப்புக்கு இதே குடியிருப்பைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டால் நாலு வருட உழைப்பு போய்விடும். அதோடு கல்லூரி வேலையும் போகலாம்.

விமல் படித்துப் பார்த்தான். "போட்டுடு. வேலை போனா இன்னா, நான் சம்பாதிக்கலயா?" என்று பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தான். கையெழுத்துப் போடும்போது அவள் முதுகில் ஆதரவாகக் கை வைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை திருவள்ளூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனார்கள். தானியேல், ஏஞ்சலின், ரகு மூவரும். அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கோபக்காரி இல்லை. உட்காரச் சொன்னாள், தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தாள். அவள் பக்கத்தில் ஓர் இளம் பொறியாளர் நின்றிருந்தார். முதலில் வந்து எழுதிக்கொண்டு போனவர் மாற்றலாகிப் போயிருந்தார், இவர் புதியவர். மேசையில் ஒரு பக்கம் தானியேல் கையெழுத்திட்ட படிவம். மறுபக்கம் பத்திரிகைத் துண்டு. இரண்டிலும் ஒரே பெயர்.

"பெரியவரே, இங்க பூச்சு உதிர்ந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இங்க பூசவே இல்லன்னு சொல்லியிருக்கீங்க. எது நிஜம்?"

ஏஞ்சலின் கடிதத்தை நீட்ட எழுந்தாள். அதற்குள் தானியேல் எழுந்துவிட்டார். கைகளைக் கூப்பிக்கொண்டார்.

"பேப்பர்ல வந்தது பொய்ம்மா. நான் அப்படி சொல்லவே இல்ல. எம்பொண்ணு பேருக்கு ஆசப்பட்டு இல்லாததெல்லாம் எழுதிடுச்சு. படிச்ச திமிரு. எங்க வயித்துல அடிச்சிடாதீங்க."

ரகு தலையைக் குனிந்துகொண்டான். ஏஞ்சலினைப் பற்றி அப்பா ஒரு சுடுசொல் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொல்லும்போது அவர் குரல் நடுங்கவில்லை. எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பார், அந்த இரண்டு பஸ்ஸில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு?

"ஆமாம் மேடம்," என்றாள். "நான்தான் தப்பா எழுதிட்டேன்." கடிதத்தை மேசையில் வைத்தாள்.

அதிகாரி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பொறியாளரைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி, தன் போனிலிருந்து ஒரு படத்தைப் பெரிதாக்கி மேசையில் வைத்தார்.

"நேத்து நேர்ல போய் எடுத்தேன் மேடம். சுவர் முழுக்க பலகையோட மரக்கோடு அப்படியே இருக்கு. ஆணித் தலை பதிஞ்ச இடம்கூட தெரியுது. பூசணும்னா முதல்ல சுவரைக் கொத்தி விட்டிருப்பாங்க. கொத்தின தடம் ஒண்ணுகூட இல்ல." ஏஞ்சலின் பக்கம் திரும்பியபோது அவர் முகம் சிவந்திருந்தது. "இப்படிப் பாக்கணும்னு எனக்கு முன்னால தெரியாது. உங்க கட்டுரையைப் படிச்சுத்தான் மேடம் கத்துக்கிட்டேன்."

அதிகாரி போனில் இருந்த படத்தையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் அதிகாரி, கடிதத்தை மடித்து ஏஞ்சலின் கையிலேயே திருப்பிக் கொடுத்து. "இதை நான் வாங்கினதா வச்சுக்க வேணாம். உங்க வேலைக்கு ஆபத்து. பெரியவர் மேலயும் நான் எதுவும் எழுதப் போறதில்ல. ஆனா அந்த இருபது மார்க்கை எடுத்தாகணும். எடுத்தா வரம்புக்குக் கீழ போயிடுது. ஏரிக்கரைக்காரங்களுக்குக் குடுக்கறேன். அவங்களும் மனுசங்கதானே?"

"வெயில் காலத்துல உள்ள படுக்க முடியாது மேடம்," என்றாள் ஏஞ்சலின். அவளுக்கே தன் குரல் யாருடையதோ போலிருந்தது. "ராத்திரியெல்லாம் சுவர் சூட்டைக் கக்கும். கூரை ஒழுகும். எங்கம்மா மார்ல சளி கட்டியே செத்தாங்க."

"அதை நீங்க எழுதலையே," என்றாள் அதிகாரி. குற்றம் சாட்டும் குரல் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

எழுதவில்லைதான். சுவரில் விழும் நிழலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். ஜன்னல் மாடத்தின் ஆழத்தைப் பற்றி ஒரு பத்தி. உள்ளே படுத்துத் தூங்கியவன் சொன்ன வரியைத் தேடிப் போனவள், அப்பாவிடம் சுவர் எப்படிக் கட்டினார்கள் என்றுதான் கேட்டாளே தவிர, தூக்கம் வந்ததா என்று கேட்கவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

பூவராகவன் மனிதர் பொல்லாதவர் இல்லை. போனில் மரியாதையாகவே பேசினார். "நான் இன்னா தம்பி பண்ணட்டும்? ஊடே இல்லாத எடத்துல பொண்ணக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்குவேன்?" சுமலதா ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். பிறகு அவளைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். ரகு வேலைக்குப் போனான், வந்தான். யாரிடமும் பேசவில்லை. ஒருநாள் மட்டும், அப்பாவைப் பார்க்க வந்து தண்ணீர்க் குழாயடியில் எதிர்ப்பட்ட ஏஞ்சலினிடம், "யக்கா, அது அழகான ஊடுன்னு எழுதுனியே, நெசமாவே அழகா?" என்று கேட்டான். கிண்டலா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டானா என்று அவளுக்குப் புரியவில்லை. "தெரியலடா," என்றாள். அந்தப் பதில் அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. அன்றுவரை தெரிந்திருந்தது.

அந்த மாதம் திருவிருந்து ஞாயிறில் தானியேல் அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்தண்டை போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போதகர் இரண்டு முறை பார்த்தார். அவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மூப்பர் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் என்று ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் வந்தது. குவார்ட்டர்ஸ் சிதறியது. சிலர் மீஞ்சூர்ப் பக்கம் போனார்கள், சிலர் ஆரணியில் சொந்தக்காரர் வீட்டு மாடிக்கு. ஐந்து குடும்பம் மட்டும் பிரியாமல், தேர்வாய் கண்டிகைக்கு வெளியே வரிசையாகக் கூரைக்கு ஷீட்டு போட்ட அறைகளை வாடகைக்குப் பிடித்தார்கள். பூவம்மாளும் ரகுவும் அதில் ஓர் அறை. தானியேலும் அங்கேயே ஓர் அறை சொல்லி வைத்திருப்பது, கடைசி நாள் காலையில்தான் ஏஞ்சலினுக்குத் தெரிந்தது.

அவளும் விமலும் ஒரு வண்டி பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். மீஞ்சூர் வீட்டில் முன்னறையைக் காலி செய்து, புதுக் கட்டில் போட்டு, அவருக்குப் பிடிக்கும் என்று ஜன்னல் பக்கமாகத் தலை வைக்கும்படி மெத்தை விரித்துவிட்டு வந்திருந்தாள். தானியேல் தன் தகரப் பெட்டியையும் பாயையும் ரகு கொண்டுவந்த மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நைனா, அது நம்ம வண்டி இல்ல. நம்ம வண்டி அந்தாண்ட நிக்குது."

"தெரியும்மா."

விமல் போய்ப் பெட்டியை இறக்கப் பார்த்தான். "மாமா, இன்னா இது? பேஜாரு பண்ணாதீங்க. உங்க பொண்ணு ரெண்டு நாளா ரூம் ரெடி பண்ணிகினு இருக்குது."

தானியேல் அவன் கையை மெதுவாக விலக்கினார். மருமகன் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவன் மேல் அவருக்கு எப்போதும் பிரியம். பிறகு மகளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"கோவமா நைனா?"

"உம்மேல இன்னாத்துக்கு கோவம்? நீ தப்பா ஒரு எழுத்து எழுதலியே." அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு ஆபீஸ்ல நான் சொன்னதுதான் பொய். அத்த மனசுல வச்சிக்காத."

"அப்ப வாங்க."

"எப்பிடிம்மா வர்றது? முப்பத்தாறு ஊடு போயி, என் ஒருத்தனுக்கு மட்டும் ஃபேனு கீழ கட்லா? பூவம்மா ஷீட்டு கீழ வெந்துகினு இருக்கும்போது நான் உன் ஊட்ல எப்பிடிக் கண்ண மூடுவேன்? அவங்களுக்கு ஊடுன்னு ஒண்ணு வரட்டும். வந்தா வரேன்."

எப்போது வரும் என்று அவள் கேட்கவில்லை. பட்டியல் அடுத்து எப்போது திறக்கும் என்பது அந்த அதிகாரிக்கே தெரியாது. அவருக்கு எழுபத்தொன்று முடிந்திருந்தது.

பூவம்மாள் அம்மிக்குழவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள். ஏஞ்சலின் ஒரு கை பிடிக்கப் போனாள். பூவம்மாள் நிற்கவில்லை, திரும்பவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாரியின் பின்கதவில் நின்ற ரகு குனிந்து குழவியை வாங்கிக்கொண்டான்.

தானியேல் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் ஏஞ்சலின் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"வாரா வாரம் வந்து பாக்கட்டுமா நைனா?"

"வாம்மா. வராம பின்ன?" என்றவர், டிரைவருக்குக் கேட்காதபடி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "ஞாயித்துக்கெழமை மட்டும் வேணாம். அன்னிக்கு எல்லாரும் ஊட்ல இருப்பாங்க. வார நாள்ல வா. பத்து மணிக்கு மேல, எல்லாரும் ஷிப்டுக்குப் போன நேரமாப் பாத்து வா."

"சரி நைனா," என்றாள் ஏஞ்சலின். கதவிலிருந்து கையை எடுத்தாள்.